போனஸ் போன வருஷத்துக்கு, மாலை வர்ற வருஷத்துக்கு

1

வடிவுடையம்மன் அருளால் நானும் கஸ்தூரியும் மகள் நிலாவும் சிங்கப்பூரில் சுகமாக இருக்கிறோம். விம்கோ நகரில் நீங்களும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ரோட்டைத் தாண்டி தினமும் பத்திரமாக வீடு போய்ச் சேரவேண்டும் என்று விளக்கு ஏற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். எட்டாம் வகுப்புக்கு மேல் நான் படித்ததெல்லாம் லேத் மிஷினிடம்தான். அதனால் கோணல்மாணலாக எழுதினாலும் விஷயத்தை மட்டும் பாருங்கள்.

போன வாரம் தனா போனில் கூப்பிட்டான். தனா என்றால் தனசேகர். தண்டையார்பேட்டைப் பட்டறையில் எனக்குப் பக்கத்து லேத்தில் நின்றவன், இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தான்.

"இன்னா மாமு, போனஸ வாங்கி பாக்கெட்ல போட்டுகினு அப்பால வேலைய வுட்டுட்டியாமே? விம்கோ நகர் பூரா இதான் பேச்சு."

"யார்ரா சொன்னது?"

"உம் மச்சான்தான். டீக்கடைல குந்திகினு சொல்லிகினு கீறான். ஒருத்தன் உன்ன செம கில்லாடின்றான். இன்னொருத்தன், பத்தொம்போது வருசம் சோறு போட்ட மொதலாளிக்கே நாமத்த போட்டுட்டான்றான். நான் இன்னா சொல்லட்டும்?"

"நானே எழுதறேன்னு சொல்லு."

"எழுது, எழுது. என்னியும் அதுல நல்லவனா போடு" என்று சிரித்துவிட்டு வைத்தான்.

அவனை நல்லவனாகப் போடுவதற்கு நான் பொய் சொல்லத் தேவையில்லை. இந்தக் கதையே அவனிடமிருந்துதான் ஆரம்பிக்கிறது.

2

ஷரீப் பாயின் பட்டறை தண்டையார்பேட்டையில் குடோன்களுக்கு நடுவே ஒரு சந்தில் இருந்தது. இரண்டு லேத், ஒரு ஃபேன். ஒரு லேத் எனக்கு, ஒரு லேத் தனாவுக்கு. ஃபேன் பாய் உட்காரும் பக்கம் திரும்பி இருக்கும். அவர் தொழுகைக்குப் போனதும் நாங்கள் எங்கள் பக்கம் திருப்பிக்கொள்வோம். உப்புக்காற்று அடிக்கிற இடம் என்பதால் ஒரு நாள் எண்ணெய் போட மறந்தால் மறுநாள் மிஷின் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி துருவோடு நிற்கும்.

பாய் ஐந்து வேளையும் தவறாதவர். ஆனால் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் பூசணிக்காயும் அவர் செலவுதான். "டேய், பூசணிக்கா தம்மாத்தூண்டு கீதே, உங்க சாமி கோச்சிக்கப் போவுது. பெருசா வாங்கினு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். நாங்கள் மிஷினுக்கு விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டுகிற வரைக்கும் தொப்பியோடு வாசலில் நிற்பார். கற்பூரம் அணைந்ததும் உள்ளே வந்து, புதுத் துண்டு ஒன்றின்மேல் போனஸை வைத்து, இரண்டு கையாலும் கொடுப்பார்.

எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் இருந்தது. எந்த மிஷினை யார் ஓட்டுகிறானோ அவன்தான் அதற்கு மாலை போடவேண்டும். விஜயதசமி காலையில் அதே கைதான் அந்த மாலையை எடுத்துவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பிக்கவேண்டும். மாலை போட்டுவிட்டால், இந்த வருஷம் நான் உன்னோடுதான் என்று மிஷினுக்கு வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். வேலையை விடப்போகிறவன் மாலையைப் பக்கத்தில் நிற்பவனிடம் கொடுத்துவிடுவான். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவேண்டியதில்லை.

ஒரு வருஷம் ஒருத்தர் மாலையையும் போட்டு, போனஸையும் வாங்கிக்கொண்டு, விஜயதசமியன்று வரவே இல்லை. மாலை மிஷின்மேலேயே வாடித் தொங்கியது. அதைத் தொட யாருக்கும் கை வரவில்லை. பாய் அவரைத் திட்டவில்லை, ஆள் அனுப்பிக் கேட்கவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மனுஷன் எதிரில் பாயைப் பார்த்தால் பக்கத்துச் சந்துக்குள் புகுந்துவிடுவார். அவருடைய லேத்துக்குத்தான் அப்புறம் தனா வந்தான்.

சில வருஷம் கழித்து ஒரு பூஜையில், கையில் மாலையோடு நின்ற தனா அதை என்னிடம் நீட்டினான். "நீ போடு மாமு" என்றான். வாசலில் நின்ற பாய் பார்த்துவிட்டார்.

"எங்கடா போற?"

"ஆர்பர்ல கிரேன் வேலை பாய். கூப்ட்டுகீறாங்க."

"நல்ல வேலையா?"

"ஆமா பாய்."

பாய் உள்ளே வந்து முதல் துண்டை தனாவுக்கு நீட்டினார். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "நான்தான் போறேனே பாய், எனக்கு எதுக்கு?"

"போனஸ் போன வருசத்துக்குடா பேமானி. மாலைதான் வர்ற வருசத்துக்கு. மாலைய மாத்திக் குடுத்துட்டல்ல, அத்தோட தீந்துச்சி. புடி."

தனா அழுதுகொண்டே வாங்கினான். அப்புறம் வெள்ளிக்கிழமை தவறாமல் பட்டறைக்கு வந்து எங்களோடு டீ குடித்தான். பாயும், "வந்துட்டாருடா கிரேன் தொரை, ஸ்டூல் போடு" என்று கிண்டல் பண்ணுவார். ஒருத்தன் வேலையை நல்லபடியாக விட்டானா இல்லையா என்பதற்கு என்னிடம் இருக்கிற அளவுகோல் அன்றைக்குக் கிடைத்ததுதான். விட்ட இடத்துக்குத் திரும்பப் போய் அவன் ஒரு டீ குடிக்க முடியவேண்டும்.

3

இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் பக்கம் கப்பல் சாமான் கடைகிற சின்னக் கம்பெனியில்தான் பத்தொன்பது வருஷமும் இருந்தேன். முதலாளியின் பெயர் லிம். நாங்கள் பாஸ் என்போம். அவரும் ஒரு காலத்தில் லேத்தில் நின்றவர், கையைப் பார்த்தாலே தெரியும். கோபம் வந்தால் சீனத்தில் திட்டுவார், சமாதானம் ஆனால் காப்பி வாங்கித் தருவார். எனக்கு அவருடைய சீனம் புரியாது. காப்பி புரியும்.

சீனப் புத்தாண்டுக்கு முந்தின கடைசி நாள் போனஸ் கொடுப்பார். விடுமுறை முடிந்து, நல்ல நாள் பார்த்துத் தொழிலைத் திறக்கும்போது ஊதுவத்தி கொளுத்தி, பெரிய லேத்தின்மேல் ஆரஞ்சுப் பழங்களை வைத்து, மிஷினை ஓட விடவேண்டும். நான் வந்த மூன்றாவது வருஷமோ நான்காவது வருஷமோ, பழத்தட்டை என் கையில் கொடுத்து "நீ வை" என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடல் தாண்டி வந்தும் அதே பழக்கம்! பூவுக்குப் பதில் பழம், அவ்வளவுதான். அன்றிலிருந்து வருஷா வருஷம் என் கைதான்.

இந்த வருஷம் புத்தாண்டுக்குக் கொஞ்ச நாள் முன்னால், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தொழிற்பயிற்சிப் பள்ளியில் பட்டறை உதவியாளர் வேலை கிடைத்தது. நடந்தே போகலாம், சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். சம்பளம் கூட இல்லை, குறையவும் இல்லை. இத்தனை வருஷமும் நான் இருட்டோடு கிளம்பி இருட்டோடு வந்தவன். என் முகத்தைவிட வாசலில் கிடக்கும் என் செருப்பைத்தான் நிலா அதிகமாகப் பார்த்து வளர்ந்தாள். இப்போது அவளுக்குப் பதினெட்டு. சாப்பிடும்போதும் காதில் ஏதோ மாட்டியிருக்கிறாள். கோயிலுக்குக் கூப்பிட்டால் "நீங்க போய்ட்டு வாங்கப்பா" என்கிறாள். மிச்சமிருக்கிற கொஞ்ச நாளையாவது பிடித்துக்கொள்ளவேண்டும் என்று சரி சொல்லிவிட்டேன்.

பாஸிடம் எப்போது சொல்வது? இதுதான் எங்கள் வீட்டில் பெரிய பஞ்சாயத்து ஆனது.

"இன்னாங்க, போனஸ் வாங்கினதும் சொல்லுங்க. வருசம் பூரா கஷ்டப்பட்டது நீங்கதான? அது ஒண்ணும் அவரு போடற தர்மம் இல்ல" என்றாள் கஸ்தூரி.

"நான் வேலையை விடப்போறேன்னு தெரியாமதானே அவர் கொடுப்பாரு. அது ஒரு மாதிரி இல்ல?"

காதில் இருந்ததைக் கழற்றினாள் நிலா. "அப்பா, இங்க எல்லாரும் அப்படித்தான். போனஸ் வரும், அடுத்த நாளே நீங்க சொல்ற ராஜினாமா லெட்டர் போகும். ஊர்ல மாம்பழ சீசன் மாதிரி இங்க இது ஒரு சீசன். அப்புறம், 'ராஜினாமா' தமிழ்ச் சொல் இல்லப்பா. 'பணித்துறப்பு'."

"துறக்கிறதுக்கு நான் இன்னா சாமியாராம்மா?"

சிரித்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ் சுத்தமானது. நான் "வூடு" என்றால் "வீடு" என்று திருத்துவாள். ஆனால் மிஷினுக்கு மாலை போடுகிற விஷயத்தைச் சொன்னபோது, "மிஷினுக்கு என்னப்பா தெரியும்?" என்று கேட்டாள். அதை எந்தச் சுத்தத் தமிழில் நான் அவளுக்குப் புரியவைப்பது?

ஷரீப் பாய் சொன்ன வழியிலேயே போவது என்று முடிவு பண்ணினேன். போனஸை வாங்கிக்கொள்ளவேண்டியது. அது செய்த வேலைக்கு. ஆனால் புது வருஷத்து மிஷினை ஓட விடுவதற்கு முன்னால் சொல்லிவிடவேண்டியது. போனஸ் நாளன்றே, கை நீட்டி வாங்கின கையோடு சொல்லிவிடலாம் என்று போனேன். பாஸ் சிவப்பு உறையை இரண்டு கையாலும் கொடுத்து, கூடவே இரண்டு ஆரஞ்சும் கொடுத்து, எல்லார் முன்னாலும், "இந்த வருஷமும் நீதான் திறக்கிறே, சரியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். புத்தாண்டு நேரத்தில் அவர்கள் கெட்ட செய்தி பேசமாட்டார்கள், உடைந்த தட்டைக்கூட உடைந்தது என்று சொல்லமாட்டார்கள். என் வாய் ஒட்டிக்கொண்டது. தலையை மட்டும் ஆட்டினேன். அது ஆமாம் என்ற ஆட்டமா, இல்லை என்ற ஆட்டமா என்று எனக்கே தெரியாது. நம்ம ஊர் தலையாட்டலே அப்படித்தானே.

விடுமுறை பூரா பேஜாராகப் போனது. முருகன் கோயிலில் போய் நின்றேன். "அப்பனே, எனக்குப் பதில் வேண்டாம், வாய் மட்டும் திறக்க வை" என்று கேட்டேன். தனாவுக்குப் போன் போட்டேன்.

"இதுக்குப் போய் அழுவுறியே மாமு. பாய் பட்டறைல நான் இன்னா பண்ணேன்? தட்டத் தூக்கி பக்கத்துல கீறவன் கைல குடு. பெரிய மனுசன், புரிஞ்சிக்குவாரு."

சரியாகத்தான் பட்டது. அவன் பேச்சைக் கேட்டதுதான் நான் செய்த கூத்து.

4

திறக்கிற நாள் காலை. எல்லாரும் சிவப்புச் சட்டை. ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. பாஸ் பழத்தட்டை என் கையில் கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, பக்கத்தில் நின்ற ரஃபீக் கையில் கொடுத்தேன். ரஃபீக் வங்காளதேசத்துக்காரர். ஆறு வருஷமாக என்னோடு அதே லேத்தில் நிற்கிறவர், நல்ல கைக்காரர். கொடுத்துவிட்டு இரண்டடி பின்னால் போய்த் தலை குனிந்து நின்றேன்.

தண்டையார்பேட்டையாக இருந்தால் அந்த நிமிஷமே பாயே வந்து என் தோளைப் பிடித்திருப்பார். இங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. ரஃபீக் தட்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். நான் திரும்ப அவரிடம் கொடுத்தேன். பழம் ஒன்று உருண்டு மிஷின் அடியில் போனது. இரண்டு பேர் குனிந்து தேடினார்கள்.

பாஸ் கிட்டே வந்தார். அவர் பேசுவது சிங்கப்பூர் இங்கிலீஷ், நான் இங்கே தமிழில் எழுதுகிறேன். "ஏன், உன் சாமிக்கு ஆரஞ்சு ஆகாதா? இவ்வளவு வருஷம் ஆச்சே? வாழைப்பழம் வேணுமா? வாழைப்பழம் இருக்கு." அலுவலகத்துப் பெண்ணைப் பார்த்து, "போ, போ, வாழைப்பழம் கொண்டா, சீக்கிரம்!" என்றார்.

"பழம் இல்ல பாஸ்."

"உடம்பு சரியில்லையா? நீங்க தொடக்கூடாத நாளா?"

"இல்ல பாஸ்."

அந்தப் பெண் வாழைப்பழச் சீப்போடு ஓடி வந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்தச் சிரிப்பில்தான் முருகன் என் வாயைத் திறந்துவிட்டான்.

"பாஸ், இந்த வருஷம் இந்த மிஷினை நான் திறக்கக்கூடாது. நான் வேற இடத்துக்குப் போறேன். திறந்துட்டு விட்டுப் போனா, அது வாக்குத் தவறின மாதிரி."

பாஸ் முகம் சுருங்கியது. "போனஸ் கொடுத்த அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும் பாஸ்."

விறுவிறுவென்று மாடிக்குப் போய்விட்டார். எனக்குப் பயம் வந்தது. வேலை போனது பற்றி இல்லை. இனிமேல் இந்த வாசலில் கால் வைக்க முடியாதோ, நானும் சந்துக்குள் புகுந்து ஒளிகிற ஆளாகிவிட்டேனோ என்றுதான். ரஃபீக் தட்டைப் பிடித்துக்கொண்டே ஏதோ துஆ ஓதி வேண்டிக்கொண்டிருந்தார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பாஸ் லேத்தில் நிற்கப்போகிறவர் மாதிரி இறங்கி வந்தார், கையில் கடிகாரம் இல்லை, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்திருந்தார்.

"அப்ப ஏன் வாங்கினே?"

"அது போன வருஷத்துக்கு பாஸ். போன வருஷ வேலையை நான் ஒழுங்கா செஞ்சேன். இது வர்ற வருஷத்துக்கு. இதை நான் எடுத்துக்க முடியாது."

"யார் சொன்னது இப்படி?"

"ஊர்ல என் முதல் பாஸ். போறேன்னு சொன்னவனுக்குத்தான் அவரு முதல்ல கொடுத்தாரு."

"பெரிய பணக்காரனா?"

"இல்ல பாஸ். இரண்டு லேத், ஒரு ஃபேன்."

பாஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "இரண்டு லேத், ஒரு ஃபேன்! நான் உண்மை சொல்லட்டுமா? நீ முன்னாலேயே சொல்லியிருந்தா நான் கொடுத்திருக்கமாட்டேன். பாதிகூடக் கொடுத்திருக்கமாட்டேன். அப்புறம் வருஷம் பூரா தூக்கம் வந்திருக்காது. நல்லவேளை, சொல்லல."

அதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஒரு ஓரத்தில் இன்னும் குறுகுறுப்புதான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்ததை நான் கண்ணைத் திறந்துகொண்டு வாங்கினேனே என்று. அது சரியா தப்பா என்று இன்னமும் கோயிலில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

பாஸ் ரஃபீக்கின் கையைப் பிடித்து இழுத்தார். என் கையையும் பிடித்தார். "சட்டப்படி இன்னும் ஒரு மாசம் நீ வேலை பார்க்கணும், இல்லையா? அந்த மாசம் எந்த வருஷத்துல வருது?"

"இந்த வருஷம் பாஸ்."

"அப்ப இந்த வருஷத்துல ஒரு மாசம் உன்னுது, மிச்சம் அவனுது. இரண்டு கையும் வை!"

எங்கள் பாய்க்கே தோன்றாத நியாயம் இது. மிஷின் அடியில் போன ஆரஞ்சு அதற்குள் கிடைத்துவிட்டது. அதைத் துடைத்து, மற்ற பழங்களோடு வைத்தோம். வந்தது வந்துவிட்டது என்று வாழைப்பழச் சீப்பையும் பக்கத்தில் வைத்தார் பாஸ். ரஃபீக் "பிஸ்மில்லா" என்றார், நான் "முருகா" என்றேன், பாஸ் சீனத்தில் என்னவோ சொன்னார். திட்டாகவும் இருக்கலாம். லேத் சுற்ற ஆரம்பித்தது.

5

அலுவலகத்துப் பெண் அனுப்பின விண்ணப்பம் போனில்தான் வந்தது. இங்கே காகிதம் கிடையாது. வேலையை விடுவதற்குக் காரணம் என்று கேட்டு, கீழே சின்னச் சின்னக் கட்டம். சம்பளம், படிப்பு, உடல்நிலை, மற்றவை. செருப்புக்குக் கட்டம் இல்லை.

"மற்றவை போடுங்கப்பா" என்றாள் நிலா. "அதுல ஒரு வரி எழுதலாம். என்ன எழுத?"

"என் பொண்ணு என் செருப்பைப் பார்த்தே வளர்ந்துட்டான்னு எழுது."

அவள் எழுதவில்லை. இங்கிலீஷில் என்னவோ தட்டி அனுப்பிவிட்டு, "ஷரீப் பாய் எப்படிப்பா இருப்பாரு?" என்று கேட்டாள். சாப்பாடு ஆறுகிற வரைக்கும் பாயைப் பற்றியே பேசினோம். காதில் மாட்டுவது மேஜைமேல் கிடந்தது.

அந்த ஒரு மாசம் முடிந்து, புது வேலையில் சேர்ந்த முதல் சனிக்கிழமை பழைய கம்பெனிக்குக் கிளம்பினேன். "நானும் வரவா?" என்று நிலா செருப்பை மாட்டினாள். வாசல் வரைக்கும் போய்விட்டு எனக்குக் கால் தயங்கியது. உள்ளே இருந்து ரஃபீக் பார்த்துவிட்டு, "அண்ணே!" என்று கத்தினார். நான் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ் வார்த்தை.

பாஸ் ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினார். எனக்கு டீ, நிலாவுக்குப் பாலில் கலந்த மைலோ வந்தது. புது இடம் எப்படி, பசங்க சொன்ன பேச்சு கேட்கிறார்களா என்று விசாரித்தார். பெரிய லேத் ரஃபீக் கையில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது. பாதி டீ குடித்திருப்பேன். பாஸ் என் காதுப் பக்கம் குனிந்து, ரகசியம் மாதிரி கேட்டார்.

"அங்க போனஸ் எப்போ?"

"டிசம்பர்ல பாஸ்."

"நல்லது. டிசம்பர்ல வாங்கிக்கோ. ஜனவரில அங்க மிஷினைத் திறக்காத. இங்க வந்துடு, பழம் ரெடியா வைக்கிறேன்."

டீ என் சட்டையெல்லாம் சிந்தியது. நிலா சிரித்த சிரிப்பில் ரஃபீக் மிஷினை நிறுத்திவிட்டு என்னவென்று பார்க்க வந்தார்.